முனியராஜின் கைராசி

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் முனியராஜுக்குக் கட்டிங் மிஷின் வேலை. பதினெட்டு வருஷமாகக் காகிதம் வெட்டுகிறார். அதற்கு முன்னால் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தார். யார் வம்புக்கும் போகாத மனிதர் என்று சொந்த ஊரான ஆமத்தூரில் அவருக்குப் பெயர். அது பாதிதான் உண்மை. வம்புக்குப் போகமாட்டார், ஆனால் தெரிந்தவன் எவனாவது நன்றாக இருக்கிறான் என்று காதில் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய பெருமை கட்டிங் மிஷினில் இல்லை, ஒரு பென்டிரைவில் இருந்தது. மை விற்கும் ஏஜென்ட் ஒருவர் டைரியோடு சேர்த்து ஓசியில் கொடுத்துவிட்டுப் போன மட்டமான சரக்கு. அதன் தகர மூக்கு ஒரு நூல் அளவு சிறுத்திருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் தொளதொளவென்று ஆடும், ஒட்டாது. முதலாளி லட்சுமிகாந்தத்துக்கோ ஓசிப் பொருள் என்றால் உயிர். கம்ப்யூட்டரில் வைத்தால் வைரஸ் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிரஸ்ஸின் சாமி படங்கள் அத்தனையையும் அதில் ஏற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். புது டிசைன்களும் அதில்தான் ஏற வேண்டும் என்பது உத்தரவு. சரஸ்வதி பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். குங்குமம் மூக்குக்குள் போனதில், இருந்த கொஞ்சநஞ்சப் பொருத்தமும் போயிற்று.

ஆளாளுக்குச் செருகிப் பார்த்து அலுத்திருந்த நேரத்தில், காகிதக் கட்டோடு கம்ப்யூட்டர் இருக்கும் மாடி அறைக்கு வந்த முனியராஜ் தானும் ஒரு கை பார்த்தார். உள்ளே தள்ளி, லேசாக மேலே தூக்கி, இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். திரையில் முருகன் வந்து நின்றார்.

“ஒன் கைராசிப்பா இது” என்றார் முதலாளி.

அன்றிலிருந்து ஏழு வருஷம், மாடியிலிருந்து குரல் வந்தால் முனியராஜ் மிஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு படியேறுவார். காப்பி ஆகி முடியும்வரை ஏசி அறையில் அதைப் பிடித்தபடி நிற்பார். கீழே வேலை பார்க்கிற வேறு எவனுக்கும் அந்த அறைக்குள் வேலை கிடையாது. முதலாளியே ஒருமுறை புதுசு வாங்கலாமா என்று யோசித்தபோது, “புதுசு எப்படி இருக்குமோ மொதலாளி, இது நமக்குப் பழகிருச்சுல்ல” என்று தடுத்தவரும் அவர்தான்.

இந்த வருஷம் தை மாதம் ரோஜா டிசைனராக வந்து சேர்ந்தாள். தாயில்பட்டித் தங்கச்சாமியின் மகள். தங்கச்சாமியும் முனியராஜும் அந்த விஸ்வநத்தம் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து அறையில் பட்டாசுக்கு மருந்து செலுத்தியவர்கள். வெளியூரிலிருந்து எவளாவது வந்து மாடியில் டிசைனரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முனியராஜ் கண்டுகொண்டிருக்க மாட்டார். தன்னோடு ஒரே தூக்குவாளியில் சோறு தின்றவனின் மகள் உட்கார்ந்ததுதான் வயிற்றில் தீயை வைத்தது. முதலாளி அவளை ‘ரோஜாம்மா’ என்றார். அவளுக்கு டீ கண்ணாடி டம்ளரில் போனது. தன் மகள் கற்பகவல்லி பிளஸ் டூவோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். நிறுத்தியதும் தானேதான் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் ரோஜாவின்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

“ஏங்க, வீட்டுக்கு வந்தா அந்தப் புள்ள பேச்சாவே இருக்கீகளே. அவ ஒங்கள என்ன செஞ்சா?” என்று கேட்டாள் அவர் மனைவி சண்முகத்தாய்.

“என்னமோ பெரிய இவ மாதிரி இருக்கா” என்றார். அதற்குமேல் சொல்ல அவரிடம் குற்றம் எதுவும் இல்லை.

ஒரே ஆறுதல், பென்டிரைவ் அவளுக்கும் மசியவில்லை. தினமும் பதினோரு மணிக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பாள். “சித்தப்பா, செத்த வாங்களேன். எனக்கு வரமாட்டேங்குது.” இம்புட்டுப் படித்தும் இது வரவில்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய் முனியராஜ் ஏறுவார்.

ஆடிப் பதினெட்டு நெருங்கியது. அன்றைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் வெளிவரும். ஊர் ஊராக ஏஜென்ட்டுகள் வந்து ஆர்டர் கொடுப்பார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, அட்டைக் கட்டோடு மாடியேறிய முனியராஜ் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தார். ரோஜா ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துத் தகர மூக்கோடு சேர்த்துச் செருகினாள். ஒரே தடவையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அது அவர் மிஷினிலிருந்து விழுந்த கழிவுக் காகிதம்தான்.

கட்டைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். பதினோரு மணிக்கு வழக்கம்போல் குரல் வந்தது. “சித்தப்பா, செத்த வாங்களேன்.”

கேலி பண்ணுகிறாள் என்று முடிவுகட்டினார். போனார், பிடித்தார், இறங்கி வந்தார். மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், குறட்டால் அந்தத் தகர மூக்கை ஒரு கடி கடித்து வைத்தார். இனி அவள் காகிதம் பலிக்காது, நம் கைக்கு எப்படியும் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஆடிப் பதினெட்டு அன்று மாடியில் இருபது ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். மதுரை ஏஜென்ட் ஒருவர் பழைய மீனாட்சி படம் ஒன்றைக் கேட்டார். ரோஜா செருகினாள், வரவில்லை. “முனியராஜக் கூப்புடு” என்றார் முதலாளி. முனியராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இருபது பேருக்கு நடுவே நடந்தார். தள்ளினார், தூக்கினார், சாய்த்தார். திரை அப்படியே இருந்தது. வலப்பக்கம் சாய்த்தார். ஊதினார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. எங்கேயோ ஒருவர் இருமினார்.

“இருவது வருசத்துப் படம்ப்பா அதுல!” முதலாளிக்குக் குரல் உடைந்தது.

“எல்லாம் கம்ப்யூட்டர்லயும் இருக்கு சார். நான் சேந்த அன்னைக்கே காப்பி எடுத்து வச்சுட்டேன்” என்றாள் ரோஜா. மீனாட்சி திரையில் வந்தாள். முதலாளி பென்டிரைவைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தார். அந்த ஒரு படத்துக்கே மதுரைக்காரர் பெரிய ஆர்டர் கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு முனியராஜ் படியில் அவளை மறித்தார்.

“மொத நாளே காப்பி எடுத்துட்டேங்கற. காயிதம் வச்சுச் செருகவும் தெரியும், நான் பாத்தேன். அப்பறம் தெனமும் என்னைய எதுக்குக் கூப்பிட்ட? எளக்காரமா?”

ரோஜா சொன்னாள்.

“வேலைக்குச் சேரையில அப்பா சொன்னாரு. முனியராஜ் மாதிரி நெதானமான கை எந்தக் கம்பெனிலயும் பாத்ததில்ல, அவன் அங்கனதான் இருக்கான், நீ மேல ஒக்காந்துக்கிட்டு அவனக் கீழயே விட்றாதன்னு. ஒங்களக் கூப்பிட எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

கையை விரித்தாள். கூடையிலிருந்து எடுத்த பென்டிரைவ் இருந்தது. தகர மூக்கில் குறட்டின் பல் வரிசையாகப் பதிந்திருந்தது.

“இனிமே என்ன சொல்லிக் கூப்பிடுறது சித்தப்பா?”

முனியராஜ் படியிறங்கினார். அவளைத் திட்டுவதற்கு ஏதாவது ஒன்று அகப்படாதா என்று தேடிக்கொண்டே இறங்கினார். கீழே மிஷினுக்குப் போய்ச் சேரும்வரை ஒன்றும் அகப்படவில்லை.