லின் வீட்டுப் புத்தாண்டு

"அப்பா, டுமாரோ நோ ஸ்கூல். லூனார் நியூ இயர்" என்று சொல்லிவிட்டு மகள் மாடிக்குப் போய்விட்டாள். இந்த வருஷம் எங்கள் ஆபீசும் லீவு விட்டிருக்கிறது. சீனப் புத்தாண்டு இப்போது அரசாங்கமே அங்கீகரித்த பண்டிகையாம். நல்லதுதான். எனக்குத்தான் லின் ஞாபகம் வந்து, கையிலிருந்த காபி ஆறிப்போயிற்று.

சன்னிவேலில் நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் லின்னுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அப்போது தீபாவளிக்கும் லீவு கிடையாது, சீனப் புத்தாண்டுக்கும் கிடையாது. எங்கள் இருவரில் ஒருவர் ஆபீசில் இருந்தே ஆகவேண்டும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தீபாவளியன்று என் வேலையை அவள் பார்ப்பாள். அவள் புத்தாண்டுக்கு நான். அவள் சாக்ரமெண்டோவுக்கு டிரைவ் பண்ணி அப்பாவிடம் போய்விடுவாள். அம்மா இல்லாத வீடு. இவள் போய்ச் சேரும்வரை மனிதர் சாப்பிடவே உட்காரமாட்டாராம்.

முதல் வருஷம் நான் சும்மா இருந்திருக்கலாம். நம் புத்தி போகிப் பண்டிகைப் பக்கம்தானே போகும்? நல்ல நாளாயிற்றே என்று லின்னின் மேஜையைத் துடைத்து, குப்பையைக் கொட்டி, கீழேயும் பெருக்கிவைத்தேன். மறுநாள் வந்தவள் முகம் வாடிவிட்டது. அவள் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி: "நேத்தா பெருக்கின? புது வருஷத்தன்னிக்குப் பெருக்கினா லக் எல்லாம் வெளிய போயிடும்பா."

அன்றைக்கே லின் அப்பாவுக்கு போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "வெளிய தள்ளினவனையே கூட்டிட்டு வா. அவனே உள்ள கொண்டு வரட்டும்" என்றாராம்.

அந்தச் சனிக்கிழமையே போனோம். "ஏங்க, அங்க நமக்கு என்ன இருக்கும்?" என்று என் மனைவி தயிர்சாதம் கட்டிக்கொண்டாள். அங்கிளோ எங்களுக்கென்று தனி வாணலியில் காய்கறி நூடுல்ஸ் கிளறிவைத்திருந்தார். தயிர்சாதத்தையும் விடவில்லை, ஊறுகாயோடு வழித்துச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம், புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு அந்த வீடுதான். கிளம்பும்போது அங்கிள் சீன மொழியில் ஏதோ சொல்வார், லின் எனக்குச் சொல்வாள்: "ஒரு வருஷமாவது நியூ இயர் அன்னிக்கே வரச் சொல்றார்." எப்படிப் போவது? நான் போனால் அவள் போகமுடியாதே. "லீவு விடட்டும் அங்கிள், வரேன்" என்பேன்.

போன வருஷம் அங்கிள் காலமாகிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு லின் டெக்ஸாஸுக்குப் போய்விட்டாள். மனசு ஆறவில்லை.

நாளைக்கு லீவு. காலையிலேயே கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குச் சாக்ரமெண்டோ போய்விடலாம். போகத்தான் வீடில்லை.