ததேயூஸும் இரண்டு திண்டுகளும்

அன்றைய முதல் ஆபரேஷன் முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து, "சாரே, ததேயூஸ் அண்ணன் போயிட்டாரு. காலைல குளிக்கப் போன எடத்துல நெஞ்சுவலி" என்றார். அடுத்த நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. அழக்கூட நேரமில்லாத பிழைப்பு இது. போய்க் கை கழுவினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியாதவர் கிடையாது. முதுகெலும்பில் நான் ஸ்க்ரூ போடுகிற இடத்தைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. என் வயதுதான், குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். கனமான ஈயக் கோட்டை மாட்டும்போதெல்லாம், "இதைச் செமந்ததுக்கு மோட்சத்துல எனக்கொரு கட்டில் உண்டு மக்கா" என்பார். படம் தெளிவாக விழுந்ததென்று நான் குதித்தால், "எலும்பு தெரியுது சாரே, ஆளு தெரியல்லியே" என்று காலை வாருவார்.

அப்படி என் கண்ணுக்குத் தெரியாமல் போன ஆள் பொன்னையன். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் அளந்தவர். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில்போல் விறைத்துப்போகும் நோய் அவருக்கு. கூன் விழுந்து பல வருடமாகியிருந்தது. இவர்களுக்கு ஒரு சின்ன வழுக்கல் போதும், முதுகு முறிந்துவிடும். முறிந்ததை அந்த வளைவிலேயே வைத்துத்தான் பொருத்த வேண்டும். நிமிர்த்தினால் நரம்பு நசுங்கும். சில வருடங்களுக்கு முன் குளியலறையில் விழுந்து எங்களிடம் வந்தபோது இரண்டு கால்களையும் ஆட்டிக் காட்டினார்.

மேஜையில் குப்புறப் படுக்கவைத்து, கூனுக்கேற்ப மார்புக்கடியில் திண்டுகளை அடுக்கியிருந்தார்கள். அந்த உயரத்தில் இயந்திரத்தின் வளையம் அவரைச் சுற்றி நுழையவில்லை. நேரம் போகிறதே என்ற எரிச்சலில் இரண்டு திண்டுகளை உருவச் சொன்னேன்.

"ஆளை நிமித்தாண்டாம் சாரே. நான் படத்தைச் சரிச்சு எடுத்துத் தாறேன்" என்றார் ததேயூஸ்.

"உம்ம வேலையைப் பாரும்" என்றேன். உருவினார்கள். படம் கண்ணாடிபோல் வந்தது. ஸ்க்ரூக்கள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பொன்னையன் கண்விழித்தபோது கால்கள் அசையவில்லை.

அவர் மனைவி சரோஜம் தினமும் கேட்டார். "காலை ஆட்டிக் காட்டின மனுசன் டாக்டரே, என்ன ஆச்சு?" விழுந்த அடியாக இருக்கலாம் என்றேன். ததேயூஸ் ஒருநாள் டீ குடிக்கும்போது, "யாராவது ஒருத்தரு அந்த அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லணும் சாரே" என்றார். நான் டீயைக் குடித்து முடித்து எழுந்தேன். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ததேயூஸின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் சரோஜம் அம்மா நின்றிருந்தார். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். "மாசம் ஒருக்கா வீட்டுக்கு வருவாரு டாக்டரே. மொத தடவை வந்தப்பமே அழுதாரு. படம் தெளிவா வரணும்னு நான்தான் திண்டை எடுத்தேன், மன்னிக்கணும்னாரு. நாங்க எப்பமோ மன்னிச்சாச்சு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கிருந்து திரும்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு கீரிப்பாறைக்குப் போய், பொன்னையனின் கட்டிலருகே நின்று, திண்டை எடுக்கச் சொன்னது நான், ததேயூஸ் தடுக்கத்தான் பார்த்தார் என்றேன். பொன்னையன் கண்ணை மூடிக்கொண்டார். சரோஜம் அம்மா என்னையே பார்த்தார்.

"அப்பம், ஒரு தப்பும் செய்யாதவரையா நாங்க இத்தனை வருசம் மன்னிச்சுக்கிட்டு இருந்தோம்?"

ததேயூஸை அறிந்த உங்களுக்கும் இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது, மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவதை. அதற்குப் பின் இரண்டு தடவை போய்விட்டேன். சரோஜம் அம்மா இன்னும் உள்ளே வரச் சொல்லவில்லை.