பட்டையில் இருந்த முடி

மதியம் இரண்டு பத்துக்கு அத்தை போன் செய்தாள். அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். "மாமா போயிட்டாருடி" என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ படுக்கை விரிப்பை உதறும் சத்தம் கேட்டது. ஆள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, கட்டில் அடுத்தவருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. பதினோரு நாள் ஆகிறது. அது இன்னும் அடங்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, மூலையில் துண்டு வேகவைக்க ஓர் அலுமினியப் பானை. சவரம் முடிந்ததும் பிளேடை வந்தவர் கண்ணெதிரே இரண்டாக ஒடித்துத் தகர டப்பாவில் போடுவார். ஒருவர் கழுத்தில் கிடந்த துண்டு, கொதிக்கும் நீரில் முங்கி எழாமல் இன்னொருவர் கழுத்துக்குப் போகாது. தெருவில் அவருக்கு 'வெந்நீர்' என்றே பெயர். "என்னை வேகவைக்காம கட்டிக்கிட்டாரே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பாள் அத்தை.

முப்பத்தாறு வருடம் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நின்றதில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. கடைசி இரண்டு வருடம் நாற்காலியின் கையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டுதான் முடி வெட்டினார். மூட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். மாமா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: மறுபடி நின்று வேலை செய்ய முடியுமா? முடியும், ஆனால் ஆபரேஷன் ஆன சில வாரங்களுக்குள் காலை நன்றாக மடக்கிப் பழகிவிட வேண்டும், வலிக்குப் பயந்து நீட்டியே வைத்திருந்தால் மூட்டு விறைத்துவிடும் என்றார் டாக்டர். மாமாவுக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை.

ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த வலி மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. மூன்றாம் நாள் பிசியோதெரபிக்காரர் ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி, நான்கு ஒயர், நுனிகளில் பசை தடவிய நான்கு பட்டைகள். வெட்டுக்காயத்தைத் தொடாமல் மூட்டுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு ஒட்டி, பெட்டியில் எண் போட்ட திருகைத் திருப்பினால் எறும்பு ஊர்வதுபோல லேசான மின்சாரம் ஓடும். நரம்பு அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது வலி அவ்வளவாக உறைக்காது. வலிக்கு உண்மையிலேயே கேட்டது. இருபது நிமிடம் வைத்துவிட்டு மடக்கியபோது, முதல்நாள் அசையாத கால் பாதிக்கு மேல் மடங்கியது. மாமா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் பட்டையை ஒட்டுவதற்கு முன் அவர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பசையில் முடி ஒட்டியிருந்தது. முடி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல மூணு பேர் இருக்காங்க. ஒண்ணுகூட நான் இல்ல."

பிசியோதெரபிக்காரர் சிரித்தார். "உங்க கடையில மட்டும் ஆளுக்கொரு சீப்பா வச்சிருக்கீங்க பெரியவரே?"

"ஒரே சீப்புதான். ஆனா ஒவ்வொரு தலைக்கும் கழுவுறேன்."

புதிய பட்டை கேட்டார். ஸ்டாக் இல்லை என்றார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு செட் என்று உறையிலேயே அச்சடித்திருந்ததை நான் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு, நாலு எழுத்து படித்தவள் என்ற தோரணையில், "கரண்டுக்கு அழுக்கு தெரியாது மாமா, ஒட்டிக்கோங்க" என்றேன். வார்டே சிரித்தது. மாமா அந்த முடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார். கால் மடங்கியாக வேண்டுமே.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷினையும் அதே பட்டைகளையும் ஒரு பையில் போட்டு, பத்து நாளில் திருப்பித் தரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா செய்த முதல் காரியம், கடையிலிருந்து கத்தியும் புது பிளேடும் வரவழைத்து வலது காலை மழித்துக்கொண்டது. அத்தை தடுத்தாள். "அடுத்தவன் காலுக்கு என் முடி போகக் கூடாது" என்றார். ஊரார் தாடையில் ஒரு கீறல் விழாமல் மழித்த கை, தன் காலில், சரியாகக் குனிய முடியாமல், தையலுக்கு நான்கு விரல் கீழே சின்னதாக வெட்டிக்கொண்டது. வெட்டு விழுந்தால் கடையில் என்ன செய்வாரோ அதையே செய்தார். படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தார். ரத்தம் நின்றது. அதன்மேலேயே பட்டையை ஒட்டினார். நாளுக்கு மூன்று வேளை, மூன்று பேர் காலில் கிடந்த பசை.

ஐந்தாறு நாள் கழித்து அந்த இடம் சிவந்து, மூட்டு வீங்கி, வலி கூடியது. பிசியோதெரபிக்காரருக்குப் போன் போட்டோம். பின்னால் டீ உறிஞ்சும் சத்தத்தோடு, மடக்க மடக்க வலிக்கத்தான் செய்யும், எண்ணைக் கூட்டி வையுங்கள் என்றார். கூட்டியதும் வலி அடங்கியது. அடங்கியதால் இரண்டு நாள் சும்மா இருந்தோம். சீழ் அந்த இரண்டு நாளும் சும்மா இருக்கவில்லை. மாமா குளிரில் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூட்டைத் திறந்து கழுவினார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். எந்த வழியாக உள்ளே போனது என்று கேட்டதற்கு, பெரிய டாக்டர் கைகளில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டே, அதைச் சொல்ல முடியாது என்றார். மழிக்கச் சொன்னது யார் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். ஒன்பது நாள் கிடந்தார் மாமா.

மாமா போன மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவன் அவற்றைத் தாண்டி வந்து, மெஷின் வேண்டும், அங்கே ஒரு அம்மா காத்திருக்கிறார் என்றான். அத்தை பையை எடுத்துக் கொடுத்தாள். அவன் எங்கள் முன்னாலேயே திறந்து பட்டைகளை எண்ணினான். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"பரவாயில்ல, சுத்தமாத்தான் வச்சிருந்திருக்கீங்க" என்றான்.

நான் பின்கட்டுக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவினேன். திரும்பி வந்தபோது பை போய்விட்டிருந்தது. அந்த அம்மாவின் காலில் இந்நேரம் எத்தனை வேளை ஒட்டியிருப்பார்களோ.

நான்கு நாளாக ஆஸ்பத்திரி மீது புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேதிகள், பட்டை, உறையில் அச்சிட்டிருந்தது, போனில் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாக எழுதியாகிவிட்டது. எதையும் மறைக்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். கடிதம் இரண்டாம் பக்கத்தில், "பதினாறாம் தேதி மாலை மெஷினின் எண்ணை ஆறிலிருந்து ஒன்பதுக்குக் கூட்டி வைத்தது, அவருடைய அக்கா மகளாகிய" என்பது வரை வந்திருக்கிறது.