அழைப்பு மணி

லிப்டு பழுதுபார்க்கும் அவருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. "எங்க வீட்டுக்கு வந்தவங்க யாரும் சாப்பிடாம திரும்பினதே இல்ல" என்று வேலையிடத்தில் மார்தட்டிக்கொள்கிறவர் அவர். அந்த ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளை வழியே பார்த்தால் சித்தப்பா! சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர், லிப்டுக்குப் பயந்து நாலு மாடியும் படியேறி, மூச்சு வாங்க நின்றிருந்தார். உட்கார்ந்தால் பேச்சு லேசில் முடியாது.

அவர் சத்தமில்லாமல் டிவியை அணைத்தார். மணி இன்னும் இரண்டு முறை அடித்தது. பிறகு செருப்புச் சத்தம் மெல்லப் படியிறங்கியது.

"ஊரெல்லாம் பெருமை பேசுவீங்களே, இதானா அது?" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி, பஸ் நிறுத்தத்தில் சித்தப்பாவைப் பிடித்தார்.

"சித்தப்பா, அது வந்து..." என்று இழுத்தார்.

"டிவி சத்தம் பட்டுனு நின்னுச்சு. கரண்டு போயிருக்கும், அதான் பெல்லும் கேட்டிருக்காது. விடுப்பா" என்றார் சித்தப்பா.

தான் சொல்ல வேண்டிய பொய்யையும் அவரே சொல்லிவிட்டார் என்பது புரிந்ததும், இவரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வாங்க சித்தப்பா, சாப்பிட்டுப் போகலாம்."

"பஸ் வந்துடுச்சு. அடுத்த தடவை போன் பண்ணிட்டே வரேன்."

சொந்த அண்ணன் மகன் வீட்டுக்கு!