பைண்டிங்காரம்மா கொடுக்காத கத்தி

லிப்ட் மெக்கானிக் கத்தி வாங்குவதை நிறுத்திய பிறகுதான் அவர் மனைவிக்குச் சந்தேகம் தட்டியது.

கல்யாணமான புதிதில் பளபளப்பான கத்திகள்தான் அவர் கண்ணில் படும். கைப்பிடியில் சிங்கத்தலை, உறையில் சிவப்புக் கல். ஒரு வெங்காயம்கூட நறுக்க லாயக்கில்லாத அவற்றை ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே நிறுத்திவைப்பார். சிங்கம் அலுத்ததும் மடக்குக் கத்திக்குத் தாவினார். திறக்கும்போது வரும் 'டக்' சத்தத்தைக் காதருகே வைத்து ரேடியோ போலக் கேட்பார். அந்த மோகமும் போய், பழைய கத்திகள் மேல் பித்து வந்தது. பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போய், "டீத்தண்ணில ஊறவச்சுப் பழசாக்கியிருக்கான்" என்று முகம் சுளிப்பார். கடைசியில், யாரோ வேலை செய்தே தேய்த்த கத்தியைத் தவிர வேறெதுவும் பிடிக்காமல் போயிற்று. சிங்கத்தலைகளை எல்லாம் மைத்துனர் தலையில் கட்டினார்.

அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து. ஞாயிறுதோறும் வழவழவென்று சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார், வெறுங்கையோடு திரும்பினார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"ஒரு கத்தி பாக்கப் போனேன். குடுக்க மாட்டேங்கிறாங்க."

"யாரு?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் பின்னாலேயே போனாள். மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு புத்தக பைண்டிங் கடை. உள்ளே அவள் வயதொத்த ஒருத்தி பலகையில் அட்டை வெட்டிக்கொண்டிருக்க, எதிரே ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார் கணவர். இவளைக் கண்டதும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"கத்தியப் பாரேன்" என்றார், திக்கித்திணறி.

பாதி அகலத்துக்குத் தேய்ந்த கத்தி. மரப்பிடியில் கட்டைவிரல் அழுந்தி அழுந்திக் குழி விழுந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரோடது" என்றாள் பைண்டிங்காரம்மா. "அவர் போனப்புறம் நான்தான் கடையப் பாக்கறேன். இதைக் குடுத்துட்டு எதால வெட்டறது? சொன்னாலும் கேக்காம வாராவாரம் வந்து பாத்துட்டுப் போறாரு."

"கத்தியப் பாக்கத்தான் வராருன்னு நம்புறீங்களா?"

"நம்பலம்மா. அதான் நாலு பேரு பாக்கட்டும்னு கதவைத் திறந்தே வச்சிருக்கேன்."

திரும்பும் வழி நெடுக, ஒரே வேலையில் தேய்ந்த கத்தியின் வளைவு எப்படிப்பட்டது என்று அவர் விளக்கிக்கொண்டே வந்தார். அவள் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். பொய் எதுவும் தட்டுப்படவில்லை. அதற்காக நம்பிவிடவும் மனம் வரவில்லை.

அதன்பிறகு அவர்கள் இருவருமாகப் போகிறார்கள். "சும்மாதானே இருக்கீங்க" என்று பைண்டிங்காரம்மா அவள் பக்கம் தாள்கட்டைத் தள்ளிவிடுகிறாள். தாளை மடித்துக்கொண்டே அவள் கணவரையும் அந்தம்மாவையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறாள்.