மருந்தாளருக்குப் பத்தே நிமிடம்

போன வாரம் ரத்த அழுத்தம் எகிறி, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் முனியாண்டி அண்ணன். சிம்பாங் பூலாயில் காவலாளி. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, வேலையிடத்திலேயே சாய்ந்துவிட்டார். நான் சேர்ந்த அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

அப்போதுதான் ஷர்மிளா வந்தாள் — மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் மருந்தாளர். பின்னால் ஒரு மேடம். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் மதிப்பெண் படிவத்தில். பரீட்சையாம்!

முன்பெல்லாம் மருந்தாளர் என்றால் கண்ணாடி ஓட்டைக்குள்ளிருந்து நீளும் ஒரு கை... முகத்தைப் பார்த்தவர் உண்டா? இப்போது அந்தக் கை முழு மனுஷியாகக் கட்டிலருகே வருகிறது. பட்டத்துக்கு மேல் பட்டம், வார்டு வார்டாகப் பயிற்சி. நல்லதுதானே? நல்லதுதான். கூடவே படிவமும் வருகிறதே! வணக்கம் சொன்னாளா — ஒரு டிக். புன்னகைத்தாளா — ஒரு டிக். எல்லாம் பத்தே நிமிடத்தில்.

"மருந்தெல்லாம் எப்படிச் சாப்பிடுறீங்க அங்கிள்?"

"ஒழுங்கா சாப்பிடுறேன் மிஸ்ஸி."

மேடம் டிக் போட்டார். ஷர்மிளா நகரவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் ஏன் விழுந்தார்?

"வேற யாரோட மருந்தாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சேச்சே..." அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மாசா ஹாபிஸ்," என்றார் மேடம். நேரம் முடிந்ததாம்.

ஷர்மிளா ஃபைலை மூடிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "திட்ட மாட்டேன் அங்கிள். சொல்லுங்க."

"பக்கத்து வீட்டு ராமாயி அக்கா தெலுக் இந்தான்ல மவ வீட்டுக்குப் போயிருச்சு. ஒரு பை நெறைய மாத்திரை... தூக்கிப்போட சாயாங் லா, வீணாப் போவுமே! காலையில என்னுது, ராத்திரி அக்காவோடது. ரெண்டும் இனிப்பு நீருக்குத்தானே மிஸ்ஸி?"

தோட்டத்து லயத்தில் மீன் குழம்புதான் வீடு தாண்டியது. தாமான் குடியிருப்புக்கு வந்தபின் மாத்திரை தாண்டுகிறது. நாகரிகம்!

ஷர்மிளா டாக்டரிடம் ஓடினாள். அண்ணன் வீட்டுக்குப் போவது நின்றது. அந்தப் பை இருக்கும் வீட்டுக்கே போயிருந்தால்... அடுத்த முறை எழுந்திருப்பாரா?

மறுநாள் ஷர்மிளாவிடம் கேட்டேன். "பாஸாம்மா?"

"நேரம் தாண்டிட்டேன் அங்கிள். ஃபெயில் லா. திரும்ப உட்காரணும்."

அண்ணன் பிழைத்ததற்குப் படிவத்தில் கட்டமே இல்லை!

மறுதேர்வில் நிஜ நோயாளி கிடையாதாம். நோயாளியாக நடிக்க ஆள் வருவாராம்.

நல்ல ஏற்பாடுதான்... அவர் பத்து நிமிடத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடுவார்.