பிழையாகச் சொன்ன கடவுச்சொல்

நான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பாளர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன், மரக்கறி கேட்டு அனுப்பும் மின்னஞ்சல்களை என் மனைவிதான் ஃபோனில் எழுதித் தருவாள். அதைப் பார்த்து நான் கணினியில் அடிப்பேன். அது வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது.

போன வருடம், எங்கள் எல்லோருடைய மின்னஞ்சலையும் ஹோட்டல் கணினியோடு இணைக்கும் மென்பொருளைப் போட ஏறாவூரிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார்; தங்கச்சி என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். கடிதங்களைக் கிளறி என்னை வேலையால் நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குச் சந்தேகம். கடவுச்சொல்லைக் கேட்டபோது வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன்.

“மறுகா ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணன்.”

மறுபடியும் பிழையாகவே சொன்னேன். மூன்றாம் முறை கணக்கு பூட்டிக்கொண்டது. மனேஜர் வந்துவிட்டார்.

“எல்லாருக்கும் சரி, இவருக்கு மட்டும் என்ன?”

அந்தத் தங்கச்சி என் முகத்தைப் பார்த்தார்.

“என்ட பிழைதான் சேர். மாறி அடிச்சிட்டன்.”

“படிச்ச புள்ளதானே, இதுகூட ஏலாதா?” என்று மனேஜர் அவரை எல்லோர் முன்னும் ஏசினார். நான் சாமான் பட்டியலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மனேஜர் போனதும் தங்கச்சி மெல்லச் சொன்னார்: “பயப்பிடாதீங்க அண்ணன். நீங்க கேக்கிற சாமான் குசினியில சமைக்கிறவங்களுக்கும் தெரியவரும், அவ்வளவுதான்.”

அப்போதும் என் புத்தி திருந்தவில்லை. எதை எதிர்பார்த்துப் பழியை ஏற்றார் என்று மூன்று நாள் யோசித்தேன். அவர் எதுவும் கேட்டு வரவில்லை. நான்காம் நாள் மனேஜரிடம் போய், மனைவி எழுதித் தருவது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னை நிறுத்தவில்லை. “இதச் சொல்ல நாலு நாளா?” என்று மட்டும் கேட்டார்.